ஆம்பியர் மீட்டரின் முள்

பழைய புல்லட் ஒன்றை வாங்கி வீட்டில் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. இனி கை சும்மா இருக்காது. டேங்கைக் கழற்றிப் பெயின்ட் அடிக்கலாமா, சைலன்சரை மாற்றலாமா, கார்புரேட்டரையே புதிதாகப் போட்டுவிடலாமா என்று மனம் அலையும். பார்க்க வருகிறவர்களும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இந்த அத்தியாயம் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே: எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். இந்த வண்டிக்குள் ஓடுவது பள்ளிக்கூடத்து இயற்பியல். வெப்பத்தில் விரியும் உலோகம், அழுத்தப்படும் காற்று, அறுபடும் மின்னோட்டம் என்று எல்லாமே கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கின்றன. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், தன் நிலைமையை வண்டியே சொல்லிவிடும்.

இந்த இயந்திரம் பிறந்தது இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில். 1955இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெடிச்சில் புல்லட் நின்றுபோன பிறகும் திருவொற்றியூரிலிருந்து ஏறக்குறைய அதே வடிவம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை வந்துகொண்டிருந்தது. ஒரே சிலிண்டர், 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, 346 சி.சி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் தலையில் உட்காரும் ஹெட் அலுமினியம். வண்டிக்காரரே ஸ்பேனர் எடுத்து வேலை பார்ப்பார் என்று நம்பி வடிவமைத்த காலம் அது. டேப்பெட் வைக்க ஒரு மூடியைத் திறந்தால் போதும். இடது பக்கத்து பிரைமரி செயின் உறை ஒரே ஒரு நட்டில் நிற்கிறது.

ஸ்பேனரிலிருந்து தொடங்குவோம். புதிதாக வருகிறவர்கள் முதல் சேதத்தைச் செய்வது இங்கேதான். பழைய புல்லட்களில் பல இடங்களில் இருப்பவை பிரிட்டிஷ் அளவு நட்டுகள். 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த முறைப்படி மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. ஸ்பேனரின் அளவு சொல்லும் விதமும் வேறு. விட்வொர்த் ஸ்பேனரில் கால் அங்குலம் என்று பொறித்திருந்தால், கால் அங்குல போல்ட்டுக்கு உரியது என்று பொருள். அதன் வாய் உண்மையில் 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மி.மீ. உங்கள் பெட்டியிலுள்ள 13ஆம் நம்பர் அந்த நட்டில் ஏறாது, 14ஆம் நம்பர் வழுக்கும். வழுக்கும் ஸ்பேனரை இரண்டு முறை அழுத்தினால் நட்டின் முனை உருண்டுவிடும். மெட்ரிக் போல்ட்டைப் பழைய துளையில் முறுக்கி ஏற்றினால் அலுமினிய உறையின் மரையே போய்விடும். அதைத் திரும்ப வெட்டி எடுப்பது லேத் பட்டறை வேலை. எந்த நட்டும் முதலில் கையால் இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அது அந்த இடத்து நட்டு இல்லை.

அசையாத போல்ட் என்றால் அங்கே பலத்தைக் காட்ட வேண்டாம். எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்து பல ஆண்டுகள் கிடந்தால் அந்த ஒட்டலே ஒரு சிறு பேட்டரிபோல் வேலை செய்து, அலுமினியம் அரிக்கப்பட்டு, வெள்ளைப் பொடி மரைக்குள் இறுகிப்போகும். அதற்கு மருந்து வெப்பம். ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டர் அலுமினியம் 0.023 மி.மீ. விரியும், இரும்பு அதில் ஏறக்குறைய பாதிதான் விரியும். பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் வைத்து உறையை மெல்லச் சூடாக்கினால் துளை போல்ட்டைவிட அதிகம் விரிந்து பிடி விடும். இந்த 'இரு மடங்கு' என்ற கணக்கை நினைவில் வையுங்கள். டேப்பெட்டுக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

நெடுநாள் நின்ற வண்டியை வாங்கியிருந்தால், வந்த அன்றே கிக்கரை உதைக்காதீர்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் வற்றியிருக்கும், மெல்லிய துருவும் படிந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி, துளை வழியாகச் சிறிதளவு எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊற விட்டு, பிளக் இல்லாமலே கிக்கரை மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு பழைய ஆயிலை வடியுங்கள். வடித்ததைக் கொட்டிவிடாமல் அகலமான தட்டில் வைத்து வெயிலில் பாருங்கள். அடியில் மின்னும் துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. வெள்ளையாக மின்னி ஒட்டாமல் இருந்தால் அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டன் தேய்மானம். பொன்னிறத் துகள் என்றால் ஏதோ ஒரு வெண்கல புஷ் தேய்கிறது. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்ற பெரிய கேள்விக்கு இந்தத் தட்டு பாதி பதிலைச் சொல்லிவிடும்.

புல்லட்டில் ஆயில், கிராங்க் கேஸோடு சேர்த்தே வார்த்த ஒரு தனி அறையில் நிற்கிறது. வலப்பக்க மூடிக்குள் இரண்டு சிறிய பம்புகள்: ஒன்று அந்த அறையிலிருந்து ஆயிலை எடுத்துக் கொடுக்கும், மற்றது கிராங்க் அடியில் சேர்ந்ததை இழுத்துத் திருப்பி அனுப்பும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் பம்பின் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் அடியில் இறங்கிவிடும். அளவுகோலை எடுத்துப் பார்த்துவிட்டு ஆயில் குறைந்திருக்கிறது என்று மேலே ஊற்றினால் மொத்தம் அளவு மீறிவிடும். அதனால் முதலில் அடியிலுள்ள வடிகால் போல்ட்டையும் திறந்து முழுவதையும் இறக்குங்கள். புது ஆயில் ஊற்றி எஞ்சினை ஓடவிட்ட முதல் நிமிடத்தில், ஹெட்டுக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் 346 கன சென்டிமீட்டர் காற்றைக் கிராங்க் கேஸுக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்று வெளியேற ஒரு மூச்சுக் குழாய் இருக்கிறது. அதன் முனையில், தட்டையான உதடுள்ள ஒரு சின்ன ரப்பர் துண்டு. பட்டறைகளில் 'டக் பில்' என்பார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் உதடு திறந்து காற்றை விடும். பிஸ்டன் மேலே போகும்போது மூடிக்கொள்ளும். இதனால் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் எப்போதும் குறைவாகவே இருக்கும். அந்த ரப்பர் கெட்டிப்பட்டோ, குழாய் அழுக்கில் அடைபட்டோ போனால் உள்ளே ஏறும் அழுத்தம் எல்லா பேக்கிங் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். ஒழுகுகிறதே என்று பேக்கிங்கை மாற்றி, அதன்மேல் பசை பூசி, மறுபடியும் ஒழுகுவதைப் பார்த்துச் சலித்தவர்கள் பலர். மலிவான அந்த ரப்பர் துண்டை முதலில் பாருங்கள்.

இனி ஸ்டார்ட் செய்யலாம். பழைய புல்லட்டின் ஹெட்லைட் உறையில் ஆம்பியர் மீட்டர் என்ற சிறிய வட்டக் கருவி இருக்கிறது. பேட்டரிக்கு மின்சாரம் போகிறதா, பேட்டரியிலிருந்து வருகிறதா என்று காட்டுவதற்காக வைத்தது. ஆனால் புல்லட்காரர்களுக்கு அது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதையும் காட்டிவிடும்.

நியூட்ரலில் வைத்து, விளக்குகளை அணைத்து, சாவியைத் திருப்புங்கள். கிக்கரை மிக மெதுவாக அழுத்துங்கள். ஒரு கட்டத்தில் முள் நடுவிலிருந்து விலகிக் கழித்தல் பக்கம் சாயும். பாயின்ட் என்று நாம் சொல்லும் இரண்டு சிறிய உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன, காயிலுக்குள் சில ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது என்று அர்த்தம். இன்னும் அழுத்தினால் காலுக்கு எதிர்ப்பு வரும், பிஸ்டன் காற்றை நசுக்குகிறது. அந்த அழுத்தத்தின் உச்சியை நெருங்கும்போது முள் சட்டென்று நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்த கணம் அது. ஓடும் எஞ்சினில் பிளக்கில் பொறி தெறிப்பதும் இதே கணத்தில்தான். பாயின்ட்டைத் தள்ளும் கேம் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு முறைதான் இது நடக்கும்.

முள் நடுவுக்கு வந்ததும் காலை நிறுத்துங்கள். டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்தால் ஹெட்டில் ஒரு சிறிய வழி திறந்து அடைபட்ட காற்று வெளியேறும். அப்படியே கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி பிஸ்டனை உச்சி தாண்டச் செய்யுங்கள். லிவரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிடுங்கள். இப்போது ஒரே சீராக, முழு வீச்சில் உதையுங்கள். அடுத்த அழுத்தம் வருவதற்குள் ஃபிளைவீலுக்கு வேகம் பிடிக்க நிறைய இடம் இருப்பதால் அது உச்சியைத் தாண்டிப் போய்விடும். இந்த ஏற்பாடு இல்லாமல் அரைகுறையாக உதைத்தால், உச்சிக்குச் சற்று முன்பு விழும் பொறி, வேகமில்லாத பிஸ்டனைத் திருப்பிக் கீழே தள்ளும்; கிக்கர் எதிர்த் திசையில் எகிறும். கணுக்கால் பிசகுவது இப்படித்தான். உடல்பலம் இல்லாதவர்களும் புல்லட்டை ஒரே உதையில் எடுப்பதன் காரணம் இந்த முள்ளைப் பார்க்கும் பழக்கம்.

கோளாறு கண்டுபிடிக்கவும் அந்த முள் போதும். கிக்கரைச் சுற்றும்போது அது நடுவிலேயே நின்றால் மின்சாரம் காயிலுக்கே போகவில்லை: ஃபியூஸ், ஒயர், அல்லது கறுத்துப்போன பாயின்ட். கழித்தல் பக்கமே கிடந்தால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது திறந்தும் மின்சாரம் வேறு வழியில் கசிகிறது. முள் ஒழுங்காகப் போய்வந்தும் பொறி இல்லை என்றால் சந்தேகம் காயில், பிளக் ஒயர், பிளக் பக்கம் போகும். இவ்வளவும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் தெரிந்துவிடுகிறது. ஆனால் எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பியபடியே விட்டுவிடாதீர்கள். பாயின்ட் மூடியிருந்தால் காயில் சூடேறும், பேட்டரி இறங்கும்.

மின்னோட்டத்தை அறுத்துப் பொறி எடுக்கும் இந்த முறை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் கார்களுக்காக உருவாக்கியது. பாயின்ட் திறந்ததும் காயிலின் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாவது காயிலில் பல்லாயிரம் வோல்ட்டை எழுப்புகிறது. சரிவு எவ்வளவு வேகமோ அவ்வளவு வீரியம் பொறிக்கு. ஆனால் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்க விரும்பாது. திறக்கும் பாயின்ட்டின் இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும். அதைத் தாங்கிக்கொள்ள வைத்திருப்பதுதான் கண்டென்சர். அது போய்விட்டால் பாயின்ட்டில் தடித்த நீலப் பொறி பறக்கும், பிளக்கிலோ சோகையான மஞ்சள் பொறிதான் வரும். எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் பாயின்ட் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. தேய்வதில் வியப்பில்லை.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் வைத்து முதலில் இதைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகே டைமிங்கைத் தொடுங்கள். வரிசை மாறக்கூடாது. கேம்மேல் உரசும் ஃபைபர் அடி தேயத்தேய இடைவெளி குறையும். குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும் தானாகப் பின்தங்கும். இடைவெளியைத் திருத்தியதுமே பல வண்டிகள் பழைய சுறுசுறுப்புக்குத் திரும்புவது இதனால்தான். டைமிங்கின் அளவு, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும் என்பது. கிராங்கின் சுழற்சியில் இது சுமார் 10 டிகிரி. வேகம் கூடும்போது உள்ளேயிருக்கும் எடைகள் மையவிலக்கு விசையால் விரிந்து பொறியை இன்னும் முன்னுக்குத் தள்ளும். 3,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடிதான். நெருப்புக்குப் பரவ நேரம் வேண்டும் என்பதால் அவ்வளவு முன்கூட்டியே பற்றவைக்க வேண்டியிருக்கிறது. பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுகிறவர்கள் உண்டு. தவறென்று சொல்ல மாட்டேன். முதல் ஆண்டில் செய்யாதீர்கள் என்பேன். பாயின்ட்டைப் படித்தவருக்கு எந்த இக்னிஷனும் புரியும்.

டேப்பெட். பெரும்பாலான எஞ்சின்களில் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி விடுவார்கள், சூட்டில் விரிய இடம் வேண்டுமே என்று. இரும்புச் சிலிண்டர் புல்லட்டுக்கோ கையேடு சொல்லும் அளவு பூஜ்யம். வால்வைத் தூக்கும் புஷ்ராடு அலுமினியக் கலவை, 20 செ.மீ. நீளமுள்ள அலுமினியம் 60 டிகிரி சூடேறினால் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் நீளும். ஆனால் நெருப்பின் பக்கத்திலேயே இருக்கும் சிலிண்டரும் ஹெட்டும் அதைவிட அதிகம் சூடாகி உயர்கின்றன. இரும்பு குறைவாக விரிந்தாலும் சூடு அதிகம் என்பதால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடுகிறது, இடைவெளி மூடிப்போவதில்லை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் நிற்க, வலப்பக்கத்து மூடியைத் திறந்து புஷ்ராடை இரண்டு விரலால் பிடியுங்கள். தடையில்லாமல் உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. சூடான எஞ்சினில் இதைச் செய்தால் குளிர்ந்தபின் இறுகி, வால்வு முழுவதும் மூடாமல் நிற்கலாம். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே மூடியிருக்கும்போது சீட்டைத் தொட்டுத்தான். தொடாத வால்வு கருகும். லேசான டிக் டிக் சத்தத்தோடு ஓடும் டேப்பெட் பிழைத்துக்கொள்ளும், இறுக்கமான டேப்பெட் பிழைக்காது.

இந்த வண்டிகளை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று இன்றைய பெட்ரோல். 2023இல் இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான பங்க்குகளில் அதுவே கிடைக்கும் நிலையாயிற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5. புது வண்டியில் சென்சார் இதைக் கண்டு தானே திருத்திக்கொள்ளும். அமால், மிக்கார்ப் போன்ற பழைய கார்புரேட்டரில் ஜெட்டின் துளை மாறாது. பழைய அளவுக்கே எரிபொருள் விடும், அதனால் கலவை மெலிந்துவிடும். எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகும், ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சர் வெடிக்கும், பிளக் முனை வெளுத்துக் கிடக்கும். ஊசியின் கிளிப்பை ஒரு வரி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து நடு வேகத்தில் கலவை செறிவாகும். முழுத் திறப்பிலும் அப்படியே இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கலாம். ஐடிலிங்கில் மட்டும் தகராறு என்றால் பைலட் ஜெட். அதன் துளையைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மழைக்காலத்தில் அரை டேங்க்கோடு நிறுத்திவைத்த வண்டியில், காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி ஓர் அளவு தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். பழைய ரப்பர் குழாயை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். இந்த நூலில் முதல் வாரமே வாங்கச் சொல்லும் ஒரே பொருள் அதுதான். ஊறி வெடித்த குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுவது சூடான எஞ்சின்மேல்.

நிற்பதற்கான ஏற்பாடுகளைச் சரிபார்க்காமல் சாலையில் இறங்க வேண்டாம். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. அந்த எண்ணே இல்லை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றுங்கள். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளேயிருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோகும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். இன்னொன்று: இந்த வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. வேறு வண்டி ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் பழைய பழக்கத்துக்கே போகும். ஆளில்லாத மைதானத்தில் பழகிக்கொண்டு வாருங்கள்.

ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒத்துப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவத்தில் இருக்கும் வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டுக்குச் செல்லும். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் வழக்கமான பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

பாகங்கள் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் போவீர்கள். போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் வேறு வருடத்துப் பாகம் கிடைக்கக்கூடும். புதிது வாங்கி மாட்டிய பிறகும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அறுபதுகளில் வார்த்த இரும்பு, தேய்ந்திருந்தாலும், இன்று அச்சடித்து வரும் மலிவு உலோகத்தைவிடப் பல நேரம் தரமானது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, என்று எதை அளந்தீர்கள், எவ்வளவு இருந்தது, எவ்வளவாக மாற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி வண்டி சரியானால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

இந்த அத்தியாயத்திலுள்ள அளவுகள் எல்லாம் கையேட்டிலும் கிடைக்கும். ஆனால் புஷ்ராடு உருள்வதில் 'சரி'க்கும் 'கொஞ்சம் இறுக்க'த்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அச்செழுத்தாலும் சொல்ல முடியவில்லை. அது நாற்பது ஐம்பது ஆண்டுகளாக இந்த எஞ்சின்களைத் திறந்து மூடிய மெக்கானிக்குகளின் விரலில் இருக்கிறது. அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, பட்டறையை மூடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து எடுத்துப்போகாதீர்கள். ஒரு நாள் வேலைக்கான கூலியைக் கொடுத்து, அனுமதி கேட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் பிடித்த புஷ்ராடை நீங்களும் பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.